முனியாண்டி கோழியும் என் இரண்டு கால்களும்

1928-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பது. காற்று அடியோடு நின்றிருந்தது. மேற்கே ரப்பர் மரங்களுக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பத்து நிமிடத்தில் மழை கொட்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நேரம் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பார்கள். மழை வருமுன் பூசை முடியுமா என்று சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் தெரியும். எதற்கும் கவலைப்படுகிற ஆள் என்று என்னைக் கேலி செய்தவர்கள் நிறையப் பேர். எனக்கு இப்போது எண்பத்தேழு வயது. கேலி செய்தவர்களில் ஒருவரும் இல்லை.

அப்போது நான் ஜொகூரில், சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பேர் கூப்பிடுவது, யார் எந்த மரவரிசைக்குப் போகிறார்கள் என்று எழுதுவது, வெட்டுக்காட்டுக்குள் நடந்து தலை எண்ணுவது, மாதம் ஒருமுறை அரிசி அளந்து கொடுப்பது என் வேலை. மாதம் நாற்பத்தைந்து வெள்ளி சம்பளம், இரண்டு அறை வீடு, இரண்டு வருடத்துக்கு முன் மூவாரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மனைவி. நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயில் சனம். லயங்களில் குடியிருந்த தொழிலாளர் சனம் பெரும்பாலும் முனியாண்டியைக் கும்பிடுகிறவர்கள்.

ஆடி மாதத்தில் தோட்டத்து எல்லையில், காட்டு மரத்தடியில் முனியாண்டிக்குப் பூசை. அதில் ஒரு வழக்கம் இருந்தது. முதலில் அறுத்த கோழியின் ஈரலை மூங்கில் குச்சியில் கோத்துத் தணலில் சுட்டு, கிராணியின் கையில் கொடுப்பார்கள். அவர் தின்ற பிறகுதான் மற்றவர்களுக்கு இலை போடுவார்கள். எப்போது யார் தொடங்கி வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு முன்னிருந்த கிராணியும் வேதக்காரர். வேண்டாம் என்று கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதன்பின் அவர் பெரட்டில் பேர் கூப்பிட்டால் மூன்றாம் தடவைக்குத்தான் ஆட்கள் குரல் கொடுப்பார்களாம். நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை. மரியாதைக்குக் கொடுத்ததை மரியாதையாக வாங்கினேன். வாங்கியதும், வீட்டில் எதைத் தின்றாலும் செய்கிறபடியே, நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டேன். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

ஈரல் வெளியே கருகியிருந்தது. கடித்தால் உள்ளே சில்லென்று சிவப்பாக இருந்தது. மழைக்குப் பயந்து தணலில் இரண்டு புரட்டுப் புரட்டி எடுத்துவிட்டார்கள். துப்பலாம் என்று பார்த்தேன். எதிரில் கையில் வாழையிலையோடு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

பூசாரி, அவரும் மரம் சீவுகிறவர்தான், காதோரம் வந்து, “முழுங்குங்க கிராணியாரே, மழ வருது!” என்றார்.

விழுங்கினேன். முதல் துளி என் கைமேல் விழுந்தது.

மற்றவர்கள் தின்றது அண்டாவில் கொதித்த குழம்பு. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நடந்த வழக்குக்கு என் பக்கத்துச் சாட்சி இது ஒன்றுதான்.

புதன்கிழமை காய்ச்சல் வந்தது. வயிற்றை முறுக்கிப் பிழிந்தது. இரத்தமாகப் போயிற்று. ஐந்து நாள் கஞ்சித்தண்ணீர். தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கவனித்துக்கொண்ட டிரஸ்ஸர் ஒரு கசப்பு மருந்தைக் கொடுத்தார். ஆறாம் நாள் எழுந்து உட்கார்ந்தேன். வயிற்றுக்கு வந்தது வயிற்றோடு போயிற்று என்று சந்தோஷமாக வேலைக்குப் போனேன்.

ஆனால் அது போகவில்லை. ஆகஸ்ட் 20, திங்கட்கிழமை, பெரட்டில் நின்றபோது பாதம் இரண்டிலும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன், எறும்பு இல்லை. பாதிப் பேர் கூப்பிடுமுன் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுப் படி ஏற முடியவில்லை.

“நடிக்காதீங்க, ராத்திரிக்கி மீன் சுத்தம் பண்ணித் தரணும்னு சொன்னேன்ல, அதுக்குத்தானே?” என்றாள் மனைவி.

“காலு வரலடி.”

அவள் உட்கார்ந்து என் பெருவிரலை நகத்தால் கிள்ளினாள். “வலிக்குதா?”

“எப்ப கிள்ளப் போறே?” என்றேன்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் முழங்கால் போயிற்று. அதற்கடுத்த நாள் தொடை. நாலு பேர் பலகையில் வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டிரஸ்ஸர் தலசேரிப் பக்கத்து மனிதர், நல்லவர், அவசரக்காரர். பார்த்தவுடன், “இது பெரிபெரி கிராணி, தவிடு போன அரிசி தின்னு வர்ற வாதம். சீனன் குத்தகைக்காட்டுல எத்தன பேரு இப்படிக் கிடந்து பாத்திருக்கேன்” என்று தவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

“அவங்க திங்கறது தீட்டின வெள்ளரிசி. நான் திங்கறது புழுங்கலரிசி. நான்தானே அளந்து குடுக்கிறேன், எனக்குத் தெரியாதா?”

“நீ டாக்டரா, நான் டாக்டரா?”

“ரெண்டு பேரும் இல்ல” என்றேன். தவிட்டுத் தண்ணீரையும் குடித்தேன். கெடுதல் ஒன்றுமில்லை, ருசிதான் மாட்டுக் கொட்டகை.

பள்ளிக்கூடத்தில் ஒரே மூச்சில் யார் அதிகம் எண்ணுவது என்று போட்டி போடுவோம். அந்தப் பழக்கம் என்னை விடவேயில்லை. சும்மா இருக்கும்போதெல்லாம் மூச்சை இழுத்து ஒன்று, இரண்டு என்று தொடங்கிவிடுவேன். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று ஐம்பத்திரண்டு வந்தது. இரண்டு நாள் கழித்து நாற்பத்து நாலு. பிறகு முப்பத்தொன்று. கையும் அதற்குள் தளர்ந்து, ஸ்பூன் விரலில் நிற்கவில்லை. இருபத்திரண்டு வந்த அன்று டிரஸ்ஸரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“உனக்கு வேற வேல இல்லியா?” என்றார். ஆனால் மறுநாள் காலை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “எண்ணு” என்றார். பதினேழு. அவர் முகத்தை நான் பார்த்தேன். வெளியே போய் என் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். காது எனக்கு நன்றாகத்தான் இருந்தது. “பத்துக்குக் கீழ போனா ஓடிவந்து என்னைக் கூப்பிடு.”

கூப்பிட்டால் அவர் என்ன செய்வார் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செப்டம்பர் முதல் தேதி, சனிக்கிழமை. பதினொன்று.

அன்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வந்தார். தமிழ் பேசுவார், எங்களுக்குச் சொல்வதெல்லாம் ஒரே தினுசில், மாட்டுக்குச் சொல்வதுபோல. “கிராணி, ஒன் காலு செத்துப் போச்சா?”

“தூங்குது துரை.”

“வியாழக்கிழம டாக்டர் வருவார். வேலைக்கி ஆகாதுன்னு எழுதினா நீ ஊருக்குப் போ. கப்பல் காசு தோட்டம் குடுக்கும். வீடு புதுக் கிராணிக்கி வேணும்.”

ஊர் என்றால் நாகப்பட்டினம். அங்கே எனக்குத் தாய் தகப்பன் கல்லறை உண்டு, கூரை கிடையாது. மனைவி கடலைத் தாண்டியதே இல்லை. கை கால் விளங்காதவனை நாகப்பட்டினத்துக் கரையில் இறக்கிவிட்டால், அவள் அவனைத் தள்ளுவண்டியில் வைத்துக் கோயில் வாசலுக்குத்தான் தள்ளிப் போகவேண்டும். நான் கண்டிருக்கிறேன் அப்படிப்பட்டவர்களை. ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. நான் இங்கேயே, இந்தத் தோட்டத்திலேயே, என் காலில் நிற்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். கட்டிலுக்கு வலப்பக்கம் பூசாரி. இடப்பக்கம், குளுவாங்கிலிருந்து வந்த மாதா கோயில் உபதேசியார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, என்னையே பார்த்தார்கள்.

பூசாரி தொடங்கினார். “சாமிக்கு வச்சதக் கையில வச்சுக்கிட்டு சிலுவ போட்டீங்க. முனியாண்டி சும்மா வுடுமா? ஒரு கடா நேந்துக்குங்க. கடாவுக்குக் காசுகூட வாணாம், லயத்துல நாங்க சேத்துக்கறோம். வாயால ‘தப்பு’ன்னு ஒரு வார்த்த.”

உபதேசியார் தொண்டையைச் செருமினார். “பேய்க்குப் படைச்சதத் தின்னா ஆண்டவர் தண்டிக்காம இருப்பாரா? சபையார் முன்னால நின்னு... சரி, ஒக்காந்தே சொல்லு, பாவம் பண்ணினேன்னு. சபை நிதியில பதினஞ்சு வெள்ளி தர ஏற்பாடு பண்றேன். துரைக்கும் பங்குச் சாமியார் ஒரு கடிதம் எழுதுவாரு.”

இரண்டு கடவுள்களும் ஒரே ஈரலுக்காக என்மேல் கோபம் கொண்டிருக்கிறார்களாம். ஒருவர் சிலுவை போட்டதற்கு, ஒருவர் தின்றதற்கு. நீளமாகப் பதில் சொல்ல ஆசைதான். பதினொரு எண்ணுக்கு மேல் மூச்சு இல்லையே.

“கோழி வேகல” என்றேன்.

“என்னா?”

“கோழி... வேகல. அவ்வளவுதான்.”

பூசாரி முகம் சுருங்கிவிட்டது. உபதேசியார் ஜெபமாலையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். இருவரும் போனபின் மனைவி என்மேல் பாய்ந்தாள்.

“ரெண்டு பேருக்கும் ஆமான்னு சொல்லிட்டா என்னாங்க கொறஞ்சிரும்? கடா அவங்களுது, காசு இவங்களுது. நமக்குக் கடுதாசி கெடைக்கும். வாய்தானே, சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே!”

“பொய்.”

“ஆமா, பெரிய அரிச்சந்திரன். கப்பல்ல ஏத்துவாங்க பாருங்க, அப்ப சொல்லுங்க மீனுங்ககிட்ட.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றும் இருக்கிறது என்றே சொல்வேன். ஆனால் நான் படுத்துக்கொண்டு யோசித்திருந்தேன். ‘தப்பு’ என்று நான் சொன்னால், என் கால் போனது எனக்கு விதித்த அபராதம் ஆகிவிடும். ஈரல் நிரபராதி ஆகிவிடும். அடுத்த ஆடிக்கு அதே ஈரலை அதேபோல் இரண்டு புரட்டுப் புரட்டி அடுத்த கிராணியின் கையில் வைப்பார்கள். நான் பாவம் ஒன்றும் செய்யவில்லை. நாலு பேர் பசியோடு நிற்கிறார்களே என்று ஒரு பச்சை மாமிசத்தை விழுங்கினேன். அதற்கு எந்தக் கோயிலிலும் மண்டியிட மாட்டேன். முழங்கால் மடங்கினால்தானே மண்டியிட, அதுவும் ஒரு சௌகரியம்.

திங்கட்கிழமை காலை பன்னிரண்டு எண்ணினேன். டிரஸ்ஸர் நம்பாமல் மறுபடி எண்ணச் சொன்னார். பன்னிரண்டேதான். செவ்வாய் பதின்மூன்று. புதன் பதினைந்து.

வியாழக்கிழமை வந்த வெள்ளைக்கார டாக்டர் வயதானவர். முழங்காலில் சிறு சுத்தியால் தட்டினார், கால் துள்ளவில்லை. ஊசியால் குத்தினார். அதற்கு முந்தி வயிற்றுக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டார். ஈரல் கதையை ஆங்கிலத்தில் சொன்னேன். “யுத்தத்தில் சிப்பாய்களிடம் வயிற்றுக்கடுப்புக்குப் பின் இப்படி நரம்பு செத்துவிழுவதைக் கண்டிருக்கிறேன், இது பெரிபெரி இல்லை” என்றார். டிரஸ்ஸர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவர் முதுகையே பார்த்தேன்.

“மூச்சு ஏறுகிறது, ஆகவே சாகமாட்டான். கால் வருமா என்று எனக்குத் தெரியாது” என்று டாக்டர் துரையிடம் சொன்னார்.  டாக்டர் மறுபடி வருவது அக்டோபர் 4. படுத்த நாளிலிருந்து அதுவரை சம்பளமில்லாமல் என் வேலையை நிறுத்தி வைப்பதாகத் துரை சொன்னார். “அன்னிக்கி நீ ஆபீஸ் வாசல்ல நிக்கணும். நிக்கலன்னா கப்பல்.”

பிற்காலத்தில், போன வருடம், ஜொகூர் பாருவில் ஒரு இளம் டாக்டரிடம் இதைச் சொன்னேன். வேகாத கோழியில் ஒரு கிருமி இருக்கிறதாம். உடம்பு அதோடு சண்டை போட்டு ஜெயித்தபின், வெறி அடங்காமல் தன் நரம்பையே எதிரி என்று நினைத்து அடிக்குமாம். அறுபது வருடம் கழித்து எனக்குத் தீர்ப்பு கிடைத்தது. நான் முதல் நாளே சொன்ன தீர்ப்பு.

கை முதலில் வந்தது. பிறகு இடுப்பு. கம்பத்திலிருந்து ஒரு மலாய்க்கார முதியவர் வந்து எண்ணெய் போட்டுக் காலை நீவிவிட்டார், ஒரு தடவைக்கு ஐம்பது காசு, இருபது தடவை. காலில் உணர்வு திரும்பியபோது பட்ட வலியை எழுத மாட்டேன். நிற்க வைத்தால் முழங்கால், பையன்கள் விட்ட காற்றாடிபோல் மடிந்தது. பிடித்துக்கொண்டு நிற்க ஒன்று வேண்டும், அது என்னோடு நகரவும் வேண்டும். யோசித்தேன். அப்படி ஒரு சாமானைத்தான் நம் சனம் ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்துகொடுக்கிறதே!

மனைவியைச் சிம்பாங் ரெங்கத்துச் சீனத் தச்சரிடம் அனுப்பினேன். நடைவண்டி என்பதை அவர் கண்டதில்லை. இவள் மண்ணில் கோடு போட்டுக் காட்டினாள்: மூன்று சக்கரம், கைப்பிடிக்கு ஒரு சட்டம். உயரத்தைக் கேட்டார். இவள் தன் நெஞ்சுக்குக் கை வைத்துக் காட்டினாள்.

“அலமாக்! இத்தன பெரிய பிள்ளையா?” என்றாராம் மலாயில்.

“இருபத்தாறு வயசுப் பிள்ள. அடம் ஜாஸ்தி” என்றாளாம் இவள்.

நாலு வெள்ளி வாங்கினார். வண்டி உறுதி. அதைத் தள்ளிக்கொண்டு நான் லயத்து வழியே முதல்முறை போனபோது, ரப்பர்ப் பால்வாளியோடு திரும்பிய பெண்கள் வழியை அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

“அடியே, கிராணிக்கு நட வந்துருச்சுடி!”

“பல்லு மொளச்சிருச்சா பாரு, கொழுக்கட்ட அவிக்கணும்!”

“அவிங்க, அவிங்க. நல்லா வேக வச்சுக் கொண்டாங்க!” என்றேன்.

பூசாரி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை.

பெரட்டுக் களம்வரை போய்த் திரும்புவேன். விழுவேன். சக்கரம் முந்திக்கொள்ளும், நான் பிந்திக்கொள்வேன். தூக்கிவிட யாராவது வந்தால் வேண்டாம் என்பேன். மனைவி மட்டும் கேட்கமாட்டாள், அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, “கடா நேந்திருந்தா இந்நேரம் அந்தக் கடாவாச்சும் நடந்துருக்கும்” என்பாள்.

அக்டோபர் 4 காலை. வெயில். ஆபீஸ் வாசலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். வேலை முடிந்து வந்தவர்கள் பால் நிறுக்கிற கொட்டகையிலிருந்து போகாமல் நின்று பார்த்தார்கள். துரை நடைவண்டியைச் சுற்றி வந்தார். “இது என்னா?”

“வண்டி துரை.”

“வண்டி நிக்குது. நீ நில்லு.”

விட்டேன். டாக்டர் தன் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு, “எண்ணு, ஒரே மூச்சில்” என்றார். எண்ணத் தொடங்கினேன். இருபதில் தொடை நடுங்கியது. முப்பதில் இடது முழங்கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வலது காலில் எல்லாப் பாரத்தையும் போட்டேன். நாற்பத்தொன்றில் மூச்சும் முடிந்தது, காலும் முடிந்தது. ஆபீஸ் தூணில் போய் மோதி அதைக் கட்டிக்கொண்டேன்.

“விழுந்துட்ட” என்றார் துரை.

“விழல துரை. சாஞ்சேன்.”

“விழுந்த!”

“விழுந்தா தரையில இருப்பேன். எங்க இருக்கேன், பாருங்க.”

டாக்டர் சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரித்தபடியே மேஜையில் குனிந்து எழுதினார்: ஆபீஸ் வேலைக்குத் தகுதி. துரைக்கு முகம் சிவந்தது, ஆனால் அவர் நியாயம் தவறாதவர். வெட்டுக்காட்டுக்குள் நடந்து தலை எண்ண என்னால் முடியாது, அதற்கு வேறு ஆள் போடவேண்டும், ஆகவே ஒரு வருடத்துக்கு மாதம் ஐந்து வெள்ளி பிடிப்பேன் என்றார்.

“ஆறு மாசம்” என்றேன், தூணை விடாமல்.

“பன்னண்டு. இல்ல, கப்பல்.”

“பன்னண்டு” என்றேன்.

மறுநாளிலிருந்து நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு பேர் கூப்பிட்டேன். பூசாரி, முனியாண்டி இரங்கிவிட்டது என்று லயத்தில் சொன்னார். உபதேசியார், ஆண்டவர் பொறுமையுள்ளவர் என்று குளுவாங்கில் சொன்னார். நான் இருவரிடமும் மறுத்தேன். இடது பாதம் இன்றுவரை முழுதாக வரவில்லை, நடந்தால் பட், பட் என்று அடிக்கும். அதை எந்தச் சாமியின் கணக்கிலும் எழுத நான் சம்மதிக்கவில்லை.

அடுத்த ஆடிக்குப் போனேன். ஈரலை வாங்கினேன், சிலுவை வரைந்தேன். பிறகு நானே அதைக் கொதிக்கிற அண்டாவில் போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றேன். பூசாரி முறைத்தார். பிள்ளைகள் முனகின. கால்மணி நேரம் ஒரு இலைகூடப் போடவில்லை. கரண்டியால் எடுத்து, பிட்டுப் பார்த்து, உள்ளே சிவப்பு இல்லை என்று பூசாரிக்குக் காட்டிவிட்டுத் தின்றேன்.  அதற்கடுத்த வருடம் பூசாரியே ஈரலை அண்டாவில் போட்டார்.

கடாவையும் பதினைந்து வெள்ளியையும் வாங்கியிருந்தால் குறைவாக முடிந்திருக்கும் என்று மனைவி சாகும்வரை சொன்னாள். இருக்கலாம். ஒன்றரை மாதம் வராமல் போன சம்பளம் அறுபத்தேழு வெள்ளி ஐம்பது காசு, பிடித்த சம்பளம் அறுபது, எண்ணெய் நீவியவருக்குப் பத்து, ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக்கு எட்டு, தச்சருக்கு நாலு, உடம்பு தேறத் தின்ற முட்டைக்கும் நீவிய எண்ணெய்க்கும் ஐந்தேகால். என் வாயால் ‘தப்பு’ என்று சொல்லாமல் இருந்ததற்கு நான் கொடுத்த விலை, மொத்தம் நூற்று ஐம்பத்து நாலு வெள்ளி எழுபத்தைந்து காசு.